ராயப்பனைத் தேடினால் பேத்ருஸ் கிடைப்பார்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தாவின் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருக்கிறோம். ‘நம்ம குடும்பத்துக்குச் சவேரியார் கையாலேயே ஞானஸ்நானம்’ என்று பாட்டி அடிக்கடி சொல்வார். தாத்தா இறந்த பிறகு, குடும்ப மரம் ஒன்றை எழுதி வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். தாத்தாவின் அப்பா ராயப்பன், அவருடைய அப்பா சூசை என்பதுவரை தெரியும். போன மாதம் ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பழைய ஞானஸ்நான ஏடுகளைக் கேட்டேன். பங்குத்தந்தை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். 1890 முதல் 1905 வரை புரட்டியும் ராயப்பன் என்று ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் லத்தீனில் வேறு இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்? லண்டனில் உள்ள பழைய தேவாலயப் பதிவுகளை இணையத்தில் பணம் கட்டிப் பார்க்கலாமாம். கட்டலாமா?

— ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கொள்ளுத்தாத்தா அநேகமாக அந்த ஏட்டில்தான் இருக்கிறார். நீங்கள்தான் அவரைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். என் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா பெயர் முடியப்பன். இரண்டு நாள் ஒரு பங்கின், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்தின், அலுவலகத்தில் உட்கார்ந்து, விரலெல்லாம் தூசியாக, ஏடு ஏடாகத் தேடினேன். அந்தப் பெயரே இல்லை. மூன்றாம் நாள் அங்கே வந்த வயதான உபதேசியார் (கோயில் வேலையில் சாமியாருக்குத் துணையாக இருப்பவர்) ஒருவர் நான் தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, சாமியார் முடியப்பன்னா எழுதுவார்? ஸ்தெபானுஸ்னுதானே எழுதியிருப்பார்” என்றார். கால்மணி நேரத்தில் ஆள் கிடைத்துவிட்டார்.

நம் கத்தோலிக்கப் பெயர்களில் பலவும் புனிதர் பெயர்களின் தமிழாக்கம். வீட்டிலும் தெருவிலும் தமிழ்ப் பெயர், ஏட்டில் லத்தீன் பெயர். ஸ்தெபானுஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம், அதனால் முடியப்பன். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், அவர் சின்னப்பன். யொவான்னெஸ் அருளப்பன். யோசேபுஸ் சூசை. யாக்கோபுஸ் சில குடும்பங்களில் யாகப்பன், சில குடும்பங்களில் போர்ச்சுக்கீசிய வழியாக வந்த சந்தியாகு. அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். இக்னாசியுஸ் இன்னாசி. உங்கள் ராயப்பன் பேத்ருஸ். ஆக, நீங்கள் தேட வேண்டியது ‘யோசேபுஸின் மகன் பேத்ருஸ்’. இந்தக் கண்ணோடு திரும்பப் போய்ப் பார்த்தால், ஒருவர் இல்லை, பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அது அடுத்த தலைவலி.

பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் அடைக்கலம், வியாகுலம், பெரியநாயகம் என்று அழகழகான பெயர்கள். ஏட்டில் எல்லாரும் மரியா. ஒரே பக்கத்தில் ஏழு மரியாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பத்துப் பேத்ருஸ்களில் உங்களுடையவரைப் பிரித்தெடுக்க, பெயரை விட்டுவிட்டு அந்தப் பதிவு முழுவதையும் வாசிக்க வேண்டும். பலரும் செய்யாத வேலை இது. பெயரை விரலால் தேடிக்கொண்டே போய், கிடைத்ததும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு ஞானஸ்நானப் பதிவில் சாதாரணமாக நாள், குழந்தையின் பெயர், வயது, அப்பா அம்மா பெயர், ஊர், ஞானப்பெற்றோர் பெயர், சாமியாரின் கையெழுத்து இருக்கும். ‘பிலியுஸ்’ என்றால் மகன், ‘பிலியா’ மகள், ‘பத்ரீனுஸ்’ ஞானத்தந்தை, ‘மாத்ரீனா’ ஞானத்தாய். இப்படி ஒரு இருபது சொல் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் அதே வாக்கியம்தான். லத்தீனைக் கண்டு பயப்பட வேண்டாம். சாமியாரின் கையெழுத்தைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

இதில் என் கண்ணுக்கு முதலில் படுவது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர்தான். நம் ஊரில் முன்பின் தெரியாதவர்களை யாரும் ஞானப்பெற்றோராக நிறுத்துவதில்லை. தாய்மாமன், அத்தை, சித்தப்பா, இல்லையென்றால் பக்கத்து வீட்டில் குடும்பம்போலப் பழகுகிறவர். யோசேபுஸின் பிள்ளைகள் எல்லாருடைய பதிவுகளையும் வரிசையாக எழுதிக்கொண்டு, யார் யார் ஞானப்பெற்றோராக நின்றார்கள் என்று பாருங்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே ஆள் நின்றிருந்தால், அவர் தாயின் அண்ணனா தம்பியா என்று விசாரிக்க வேண்டியவர். பாட்டி வழிச் சொந்தத்துக்கு இதைவிட நல்ல கதவு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் ஓரக் குறிப்புகள். 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ரோம் ஆணை ஒன்றின்படி, ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே எழுத வேண்டும். 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதை உறுதிப்படுத்தியது. உங்கள் ராயப்பன் 1895 வாக்கில் பிறந்து 1918 வாக்கில் கல்யாணம் கட்டியிருந்தால், அவருடைய பதிவின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு தேதியும் ஊர்ப்பெயரும் மனைவி பெயரும் இருக்க வேண்டும். கொள்ளுப்பாட்டியின் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும். அது பொருந்தினால் பத்துப் பேத்ருஸில் ஒன்பது பேரை விட்டுவிடலாம். எல்லாச் சாமியார்களும் ஒழுங்காகக் குறித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறித்த இடத்தில் அது தங்கம்.

கல்யாண ஏட்டில் இன்னொன்று கிடைக்கும். நம் மக்கள் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டினார்கள்; திருச்சபைச் சட்டம் நெருங்கிய ரத்த உறவில் கல்யாணத்தைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே வழி, விதிவிலக்கு வாங்குவது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்களா என்பதோடு, விதிவிலக்கு வாங்கியதையும் பதிவில் எழுதிவிடுவார்கள்: ‘இரண்டாம் படி ரத்த உறவு’, ‘மூன்றாம் படி ரத்த உறவு’ என்று. அந்தக் காலத்துத் திருச்சபைக் கணக்கில், பொது மூதாதையிலிருந்து எத்தனை தலைமுறை இறங்கி வந்திருக்கிறார்கள் என்பதே படி. இரண்டாம் படி என்றால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தாத்தா பாட்டி ஒன்று. மூன்றாம் படி என்றால் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி ஒன்று. ஒரு வரிக் குறிப்பிலிருந்து, எந்தப் பதிவிலும் நேரடியாகச் சொல்லப்படாத இரண்டு தலைமுறை உறவு வெளியே வந்துவிடும். தடை போட்ட சட்டமே நமக்கு வம்சாவளி எழுதித் தந்திருக்கிறது!

சரி, சவேரியார் விஷயம். பாட்டியின் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதை ஏட்டில் தேடாதீர்கள். முத்துக்குளித்துறையில், அதாவது உங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில், பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது 1536–37 வாக்கில். சவேரியார் கோவாவில் வந்து இறங்கியதே 1542இல். அவர் வந்த பிறகு ஊர் ஊராகப் போய் ஏராளமானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது உண்மை. கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது என்று 1544 ஜனவரிக் கடிதத்தில் அவரே எழுதுகிறார். அவர் இறந்தது 1552. பங்குகள் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் ஏடு வைத்தே ஆக வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் ஆணையிட்டது 1563இல், அதாவது அவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து. இறப்பு ஏடு, வீட்டுவாரியாக ஆட்களை எழுதும் குடும்ப ஏடு எல்லாம் 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூலோடு சேர்ந்து வந்தவை. ஆகவே பாட்டி சொல்வது நடந்திருக்கலாம், நிரூபிக்க முடியாது. குடும்ப மரத்தில் அதைப் ‘பாட்டி சொன்னது’ என்று தனியாக எழுதி வையுங்கள். கோடு போட்டு இணைக்காதீர்கள்.

ராயப்பனுக்கு மேலே, சூசைக்கும் அவர் அப்பாவுக்கும் போகும்போது வேறொரு சிக்கல் வரும். இன்றைய பங்கு அன்றைய பங்காக இருக்க வேண்டியதில்லை. இப்போது தனிப் பங்காக இருக்கும் ஊர், நூறு வருஷம் முன்னால் வேறொரு ஊரின் கிளைக் கோயிலாக இருந்திருக்கும். பழைய பதிவுகள் தாய்ப் பங்கில் இருக்கும். கடற்கரையில் இதற்கு மேலும் ஒரு குழப்பம் உண்டு. இங்குள்ள திருச்சபையை மேற்பார்க்கப் போர்ச்சுகல் அரசருக்கு இருந்த பதுருவாதோ உரிமைக்கும் ரோமின் நேரடி ஆட்சிக்கும் 19ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டை. 1838இல் ரோம் போர்ச்சுக்கீசிய அதிகாரத்தைக் குறைத்து ஆணையிட்டபோது, கோவாச் சாமியார்கள் ஏற்கவில்லை. பல ஊர்களில் மக்கள் இரண்டு கட்சியானார்கள், சில இடங்களில் கோயிலே இரண்டானது. சூசையின் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்து ஏடு மாறும். ஊர்ப் பெரியவர்களிடம் ‘நம்ம குடும்பம் எந்தக் கோயில்?’ என்று கேளுங்கள். சண்டை மறந்திருந்தாலும் பதில் நினைவிருக்கும்.

பிறகு லண்டன். இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை முக்கியமாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியார்களும் பின்னால் வந்தவர்களும் அனுப்பிய நகல்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் இருக்கும். சென்னை மாகாணத்துக்குத் தனி வரிசையே உண்டு. ஆனால் அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். கடற்கரைக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அங்கே கிடைப்பது அபூர்வம். மார்மன் சபையினர் நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே கணக்குத் தொடங்கித் தேடலாம். பல நாடுகளின் தேவாலய ஏடுகளைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் பேத்ருஸ் என்று தேடுங்கள்.

ஊர் ஏட்டில் கல்யாணப் பக்கம் செல்லரித்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கல்யாணப் பதிவின் நகல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அரசின் பதிவாளருக்குப் போக வேண்டும். கோயிலில் போனது அரசாங்கத்தில் இருக்கலாம். எழுதிக் கேட்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

புராட்டஸ்டன்ட் குடும்பத்து வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அங்கே ஏடுகள் பெரும்பாலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் வாசிப்பது சுலபம். பாளையங்கோட்டையில் 1780இல் மிஷனரி சுவார்ட்ஸ் எழுதிய சபைப் பட்டியலில், அந்தச் சபையின் முன்னோடியான குளோரிந்தா என்ற பெண் உட்பட நாற்பது பேர்தான். திருநெல்வேலிப் பக்கம் பல குடும்பங்களின் தடம் 1877–78இல், தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிக் கூட்டம் கூட்டமாக நடந்த ஞானஸ்நானங்களில் தொடங்கும். அதற்கு மேலே போக ஏடு உதவாது; நிலப் பத்திரமும் வாய்வழிக் கதையும்தான்.

போகிறபோது கவனிக்க இரண்டு விஷயம். பங்கு அலுவலகத்துக்கு ஏடு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட்டுக்கோ கல்யாணத்துக்கோ சான்றிதழ் கேட்பவர்கள். நீங்கள் என்ன தேடுகிறீர்கள், எந்த வருஷங்கள் வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போனால் மரியாதையும் நேரமும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஏட்டைத் தொடுமுன் கை கழுவுங்கள். பழைய இரும்பு மை காகிதத்தைத் தின்று வைத்திருக்கும். பக்கத்தை மடக்கினால் எழுத்து அப்படியே உதிர்ந்து விழும். ஒரு பங்கில் யாரோ ஆராய்ச்சியாளர் வாங்கிப் போன ஏடு நான்கு தாள் குறைந்து திரும்பியது. அதிலிருந்து அங்கே யாருக்கும் காட்டுவதில்லை, எனக்கும் காட்டவில்லை. கோபப்பட முடியவில்லை.

இரண்டாவது, ஏட்டில் இனிப்பு மட்டும் இருக்காது. அப்பா பெயர் எழுதாத பிள்ளை இருக்கும். பல ஏடுகளில் சாதி எழுதியிருக்கும், நீங்கள் கேட்டு வளர்ந்ததற்கு மாறாகவும் இருக்கும். பிறந்து பத்து நாளில் அடக்கம் செய்த பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். உபதேசியார் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார் என்ற குறிப்போடு. என் முடியப்பனுக்கு முன்னால் அதே பெயரில் ஒரு அண்ணன் இருந்து இறந்ததை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்டதையெல்லாம் அன்றைக்கே குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களைத் தொடும் செய்தியை, அவர்களிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது ஞானஸ்நான ஏட்டை விட்டுவிட்டு 1915–1922 கல்யாண ஏட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அப்பா பெயர் யோசேபுஸ் என்று உள்ள பேத்ருஸ், கூடவே கொள்ளுப்பாட்டியின் பெயர். அந்தப் பதிவில் அவர் வயது இருக்கும். அதைக் கழித்து, அந்த வருஷத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வருஷ ஞானஸ்நான ஏட்டைப் பாருங்கள். படம் எடுக்க அனுமதி கிடைத்தால், ஓரக் குறிப்பும் விழும்படி முழுப் பக்கமாக எடுத்து எனக்கு அனுப்புங்கள். கையெழுத்தை வாசித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்.