வாசகர் கேள்வி–பதில்: மேசை மேல் ஓடும் பழைய டீசல் என்ஜின்கள்

இம்மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே உறையில் நான்கு கேள்விகள் வந்துள்ளன. எழுதியவர்கள் ஒரே தோட்டத்தில் வளர்ந்து, இன்று பட்டணத்துத் தாமானில் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் மாதிரி ரயில் பிரியர்கள். நான்குக்கும் இங்கேயே பதிலளிக்கிறேன்.

கேள்வி: சிவப்பும் வெள்ளியும் பூசிய அமெரிக்க சாண்டா ஃபே ரயில்வேயின் டீசல் என்ஜினை எச்.ஓ. அளவில் வாங்க ஆசை. அறையில் நான்கடிக்கு ஆறடிப் பலகைதான் போட முடியும். ஆறு அச்சுகள் கொண்ட நீளமான ‘இ8’ வாங்கலாமா?

பதில்: அந்தப் பலகைக்கு வேண்டாம். அசல் இ8 என்ஜினின் நீளம் 70 அடி 3 அங்குலம். 87-இல் ஒரு பங்கான எச்.ஓ. அளவில் அது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வரும். அதன் பின்னால் செல்ல வேண்டிய 85 அடிப் பயணிப் பெட்டி ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். நான்கடி அகலத்தில் அதிகம் போனால் 22 அங்குல ஆரமுள்ள வளைவைத்தான் போடலாம். அந்த வளைவில் பெட்டிகளின் முனைகள் வெளிப்பக்கமும் நடுப்பகுதி உட்பக்கமும் பிதுங்கி நிற்கும். கொக்கிகள் பக்கவாட்டில் இழுபட்டு, தண்டவாளத்தில் சிறு பிசகு இருந்தாலும் வண்டி இறங்கிவிடும். ஓடாது என்று சொல்லவில்லை. ஓடினாலும் பார்க்க நன்றாயிராது.

அதற்குப் பதிலாக, நான்கு அச்சுகள் கொண்ட ‘எஃப்7’ மாதிரியை வாங்குங்கள். அது எச்.ஓ. அளவில் 18 சென்டிமீட்டருக்குள் அடங்கும். இடப்பற்றாக்குறைக்காகச் சரித்திரத்தை விட்டுக்கொடுக்கிறோமே என்று வருந்தவும் தேவையில்லை. இ8 என்ஜினுக்குள் 12 சிலிண்டர் டீசல் எந்திரங்கள் இரண்டு சேர்ந்து 2250 குதிரைத்திறன் தந்தன என்றாலும், ஒவ்வொரு போகியிலும் (என்ஜினுக்கு அடியில் மூன்று அச்சுகளைத் தாங்கி வளைவில் திரும்பும் சக்கரத் தொகுதி) நடு அச்சு பாரத்தைச் சுமக்கிறதே தவிர, அதற்கு மோட்டார் கிடையாது. சமவெளியில் வேகமாக ஓட அது போதும். ஆனால் கொலராடோ, நியூ மெக்சிகோ எல்லையிலுள்ள ராட்டன் கணவாய் போன்ற ஏற்றங்களில், மோட்டார் இல்லாத அச்சின் மேல் விழும் எடை இழுப்புக்கு உதவாமல் போகிறது. எஃப் வகையில் நான்கு அச்சுகளும் இழுக்கும். தலா 1500 குதிரைத்திறன் கொண்ட நான்கு என்ஜின்களைக் கோத்து 6000 குதிரைத்திறனாக்கி, சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஓடிய ‘சூப்பர் சீஃப்’ ரயிலையே சாண்டா ஃபே இழுக்க வைத்தது. நீங்கள் விரும்பும் அந்த வண்ணப்பூச்சு, ஜெனரல் மோட்டார்ஸ் ஓவியர் லேலண்ட் நிக்கர்பாக்கர் 1937-இல் வெளிவந்த இ1 என்ஜினுக்காக வரைந்தது. பின்னர் பயணி ரயில்களுக்கான எஃப் என்ஜின்களுக்கும் அதுவே வந்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீலமும் மஞ்சளும் பூசிய எஃப்7 சரக்கு ரயிலுக்கானது. கடைக்காரர் மலிவாகத் தருகிறார் என்று அதை வாங்கிப் பயணிப் பெட்டிகளுக்கு முன்னால் மாட்டாதீர்கள்.

பெட்டிகளுக்கு, 72 அடியாகச் சுருக்கிச் செய்தவை கிடைக்கின்றன. அளவு சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சிறிய பலகையில் எனக்கு அவைதான் பிடிக்கும். இ8-தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவுக்கு மாறிவிடுங்கள். அங்கே அதே 22 அங்குல வளைவு, எச்.ஓ.வில் 40 அங்குல வளைவு போட்டதற்குச் சமம்.

கேள்வி: சிறு வயதில் கம்பிச்சடக்கு ஓரம் நின்று பார்த்த மலாயா ரயில்வே டீசல் என்ஜினுக்கு ஏன் கடையில் மாதிரி இல்லை?

பதில்: நீங்கள் சொல்வது 1957-இல் வரத் தொடங்கிய 20-ஆம் வகுப்பாக இருக்கலாம். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அந்த என்ஜின் 1500 குதிரைத்திறன் கொண்டது. ஆறு அச்சுகளும் இழுப்பவை. அதே நிறுவனம் 1961, 62-இல் பிரிட்டனுக்குக் கட்டிய 3300 குதிரைத்திறன் ‘டெல்டிக்’ என்ஜினுக்கு எத்தனையோ மாதிரிகள் விற்பனையில் உள்ளன. பிளாஸ்டிக் உடலை வார்க்கும் எஃகு வார்ப்படத்துக்கு ஆகும் செலவு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். நம் நாட்டுச் சந்தை அதைத் தாங்காது.

தடத்தின் அகலமும் ஒரு தடை. நம்முடையது மீட்டர் பாதை. எச்.ஓ. அளவில் அது 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கும், சாதாரண எச்.ஓ. தண்டவாளமோ 16.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள், ஆனால் விலை கடிக்கும். சொந்தமாகச் செய்ய நினைப்பவருக்கு நான் சொல்லும் வழி வேறு. ‘என்’ அளவுக்குரிய 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு, உடலை 120-இல் ஒரு பங்காக முப்பரிமாண அச்சில் எடுங்கள். அந்த அளவில் மீட்டர் பாதைக்கு 8.3 மில்லிமீட்டர் வேண்டும். குறை கண்ணுக்குத் தெரியாது. அடிச்சட்டத்துக்கு ‘என்’ அளவிலான ஆறு அச்சு என்ஜின் ஒன்றை வாங்கி, போகிகளின் இடைவெளியை அளந்த பிறகே உடலை வரையத் தொடங்குங்கள். உடலை முதலில் வரைந்தவர்கள் பிறகு ரம்பமும் கையுமாக உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த, மாதிரி ரயிலுக்கு மின்சாரம் தரும் மின்பெட்டியை நேரடியாகச் செருகலாமா?

பதில்: கூடாது. அது 120 வோல்ட்டுக்கானது; நம் சுவரில் வருவது 230 முதல் 240 வரை. மூன்று துளைச் சுவருக்குப் பொருந்தும்படி கடையில் விற்கும் மாற்றுச் செருகி வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. பெட்டி புகைந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அல்லது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டருடன் வரும் கன்ட்ரோலரை வாங்குங்கள். ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கானவை என்பதால் அவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: பழைய பயணி டீசல் மாதிரி ஒன்று ‘டிக், டிக்’ என்று சத்தமிட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் லேசாகத் துள்ளுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாராக இருக்காது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை துள்ளினால், அச்சில் இறுகப் பொருத்திய நைலான் பற்சக்கரம் வெடித்திருக்க வேண்டும். போகியின் அடி மூடியைக் கழற்றி, சக்கரத்தை விளக்கடியில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்; இரு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மயிரிழை போன்ற கீறல் தெரியும். கீறல் விரிந்த இடத்தில் பல்லிடைவெளி அகன்றுவிடுவதால் அடுத்த சக்கரத்தின் பல் அங்கே இடறுகிறது. பசை போட்டு ஒட்டுவது வீண் வேலை. ஓரிரு வாரத்தில் மறுபடியும் பிளக்கும். பற்களின் எண்ணிக்கையும் அச்சின் விட்டமும் ஒத்த புதுச் சக்கரத்தை வரவழைத்து மாற்றுங்கள். எண்ணெய் விடும்போது பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று குறித்திருப்பதையே விடுங்கள். தையல் எந்திர எண்ணெய் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஒத்துவராது.

கழற்றிய கையோடு, என்ஜின் வந்த பழைய பெட்டியிலுள்ள பஞ்சு நுரையையும் தொட்டுப் பாருங்கள். நம் வெக்கையிலும் ஈரத்திலும் அது பிசுபிசுத்து வண்ணப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு, மெல்லிய காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.