பழைய பாக்கி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 22 வயது. ராசிபுரம் பக்கம். ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. எந்த லாரி ஓனரிடம் போனாலும் “எத்தனை வருசம் ஓட்டியிருக்கறீங்க?” என்கிறார்கள். வண்டி கொடுத்தால்தானே அனுபவம் வரும்? கிளீனராக நாக்பூர் வரை நாலைந்து நடை போய் வந்தேன். இப்போது ஒருவர் வண்டியும் தந்து 40,000 ரூபாய் அட்வான்ஸும் தருகிறேன் என்கிறார். லைசென்ஸ் ஒரிஜினல் அவரிடம் இருக்க வேண்டுமாம். மாமாவோ, தான் ஜாமீன் போடுகிறேன், ஃபைனான்ஸில் பழைய பத்துச் சக்கர வண்டி எடுத்துச் சொந்தமாக ஓட்டு என்கிறார். எதைச் செய்வது? டிரைவர் என்றால் பெண் தர யோசிக்கிறார்கள், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

பெண் விஷயத்தை இப்போது விடுங்கள். 22 வயதில் அதற்கு அவசரமில்லை.

மாமாவின் யோசனையும் வேண்டாம். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, காட்ட வேண்டும். காலாண்டு வரி, இன்சூரன்ஸ், பர்மிட், டயர் எதுவும் லோடு கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டு வராது. ரிட்டன் லோடுக்காக நாலு நாள் படுத்துக் கிடந்தாலும் மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டும். நாலைந்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டி இந்தச் செலவெல்லாம் கைக்குப் பழகட்டும், பிறகு பேசலாம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த 40,000.

என் அப்பா சங்ககிரியில் லோடு ஏற்றி வடக்கே ஓடியவர். 1991-ல் அக்காவின் சடங்குக்காக ஓனரிடம் 6,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. ரெக்சின் பையில் ஆர்.சி. புக்கோடு சேர்த்துச் செருகியிருப்பார், டீசல் வாசனை அடிக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரி ‘ப.பா.’ என்று தொடங்கும். பழைய பாக்கி. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அப்பா குளிக்கப் போனதும் நோட்டைப் பிரித்து அந்த வரியில் மட்டும் விரலை வைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உலை வைக்கப் போவாள்.

6,000 ஏன் அடையவில்லை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. சம்பளத்தில் அட்வான்ஸைப் பிடிப்பார்கள். அப்புறம் வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பேட்டாவிலிருந்துதான். பேட்டா என்பது வண்டி ஓட்டுகிறவன் சாப்பிடக் கொடுக்கும் காசு. அப்பா ஒரு வேளை சாப்பாட்டை டீயும் பன்னுமாக்கி அந்தக் காசை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சீக்கிரம் இறக்கினால் அடுத்த நடை கிடைக்கும் என்று தூங்காமல் ஓட்டினார். தூக்கமில்லாதவன் தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டுவானா? மழையில் நனைந்த நாலு மூட்டைக்குப் பிடித்தம். டீசல் குறைகிறது என்று பிடித்தம். ஒருமுறை வெடித்த டயருக்கும் அவர் கணக்கிலேயே எழுதினார்கள். 6,000 அடுத்த தீபாவளிக்கு 7,400 ஆகியிருந்தது.

நாலைந்து நடை கிளீனராகப் போனேன் என்கிறீர்களே, உங்கள் டிரைவர் அண்ணன் எத்தனை வேளை சாப்பிட்டார் என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அட்வான்ஸ் என்ற வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்க மாட்டீர்கள். முன்பணத்தைக் காட்டி ஒருவனை வேறு இடத்துக்கு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் அது கொத்தடிமை என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த ஓனர் லைசென்ஸைக் கேட்பது பத்திரமாக வைத்துக்கொள்ள அல்ல. போலீஸுக்கு போனில் டிஜிலாக்கரில் காட்டிக்கொள் என்பார், காட்டலாம்தான். ஆனால் அடுத்த ஓனர் ஒரிஜினலைப் பார்க்காமல் சாவியைத் தர மாட்டார். அலைந்து வாங்கிய லைசென்ஸை நீங்களே கொண்டுபோய் அடகு வைப்பீர்களா?

வீட்டில் கடன் இருக்கும், தெரியும். அந்தக் கடனுக்கு வட்டி உண்டு, ஆனால் அது உங்களை ஸ்டியரிங்கோடு சேர்த்துக் கட்டாது.

வேலை? நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சின்ன வண்டிதானே என்று நினைக்காமல் ஏறுங்கள். இல்லாவிட்டால் உங்களைக் கிளீனராகக் கூட்டிப்போன அதே டிரைவரிடம் இரண்டாம் டிரைவராகக் கேளுங்கள். உங்கள் கையை அவர்தான் பார்த்திருக்கிறார், ஓனரிடம் அவர் சொன்னால் எடுபடும். சம்பளம் வேறு, பேட்டா வேறு என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பேட்டாவில் வயிறாரச் சாப்பிடுங்கள் தம்பி. அதில் மிச்சம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பாதீர்கள், அவர்களுக்கு அது வேண்டாம்.

அப்பா 2006-ல் வண்டியை விட்டு இறங்கினார். கடைசி நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கம், ப.பா. 3,250. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன். அதற்கு முன் அந்த ஓனரிடம் போய் அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.