இருட்டில் பிடித்த மீன்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இப்போது இங்கிலாந்தில், கென்ட்டில் ஐ.டி. வேலை. மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஒரு சின்ன ஏரிக்குப் போய் ராத்தங்கி கெண்டை பிடிக்கிறேன். மூன்று தூண்டில் ராட், மீன் கடித்தால் கத்தும் பைட் அலாரம், ஒரு கூடாரம், மடக்குக் கட்டில். போனை அணைத்துவிடுவேன். அந்த ஒரு ராத்திரியின் அமைதிதான் அடுத்த ஒரு மாதத்தை ஓட்டுகிறது.

போன ஜூலையில் நல்ல வெக்கை அடித்த வாரத்தில், ராத்திரி ஒன்றரை மணிக்கு 28 பவுண்டு கண்ணாடிக் கெண்டை (மிரர் கார்ப்) மாட்டியது. என் வாழ்நாள் மீன். இருட்டில் போட்டோ சரியாக வராது என்பதால் மீனை வைப்பதற்கென்றே விற்கிற துளைச் சாக்கில் போட்டுத் தண்ணீரில் கட்டிவைத்து, விடிந்ததும் ஐந்து மணிக்கு எடுத்து, படம் பிடித்து விட்டுவிட்டேன். படத்தை இணைத்திருக்கிறேன்.

அதை அப்பாவுக்கும் அனுப்பினேன். "ஏண்டா, விடிய விடிய குத்தவச்சுப் பிடிச்ச மீன திரும்பத் தண்ணியில விட்டுட்டு வாறதுக்குப் பேரு வேலையாடா?" என்று கேட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. பிடித்துப் பிடித்து விடுவது வன்முறைதானே? இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நான் வெறும் நகல் எடுக்கிறேனா? பதினொரு வயது மகன் தானும் வருகிறேன் என்கிறான். கூட்டிப் போகலாமா?

எஸ்., கென்ட்

அன்புள்ள எஸ்.,

மகனைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். பதிமூன்று வயதுக்குள் இருப்பவனுக்கு அங்கே லைசென்ஸ்கூட வேண்டாம். கூடுதலாக ஒரு கம்பளியும் அவனுக்கென்று தனியாக ஒரு ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினால் எழுந்திருக்கிற வயது அது. தள்ளிப்போடாதீர்கள்.

நகல் என்ற பேச்சை விடுங்கள். கெண்டையே இங்கிலாந்துக்காரன் இல்லை. டான்யூப், காஸ்பியன் பக்கத்து மீன். குளத்தில் வளர்த்துத் தின்பதற்காக இடைக்காலத்தின் கடைசியில் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் படத்தில் இருக்கும் அதே கண்ணாடிக் கெண்டையை 1939இல் இலங்கையிலிருந்து நம் ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். மீனே ஊர் ஊராகப் போய்ப் பிழைத்திருக்கிறது, நீங்கள் ஒரு ஏரிக்கரையில் உட்காரக் கூசுகிறீர்கள்.

இப்போது அந்தச் சாக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒற்றை வரியில் தாண்டிப் போன இடம் அது. எனக்கு அங்கே தூக்கம் போய்விட்டது.

போன வாரம் கும்பகோணம் பக்கத்தில் மீன்பண்ணை வைத்திருக்கும் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். நாலு மணிக்கு அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினார், நானும் பின்னால் போனேன். கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. குளம் முழுக்க சின்னச் சின்ன 'ப்ளப்' சத்தம். அவர் ஏரேட்டரைப் போட்டுவிட்டு, சக்கரம் தண்ணீரை வாரி இறைப்பதைப் பார்த்தபடி, வெயில் வரும்வரை கரையைவிட்டு நகரவில்லை. அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பகலில் தண்ணீரில் இருக்கும் பாசியும் செடியும் வெயிலை வாங்கிக்கொண்டு ஆக்சிஜன் விடுகின்றன. பொழுது சாய்ந்தால் அது நின்றுவிடும். அவையும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கும். ராத்திரி முழுக்க எல்லோரும் எடுக்கிறார்கள், போடுகிறவர் யாருமில்லை. எனவே ஏரியில் மூச்சு மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரியன் வருவதற்குச் சற்று முன்தான். வெக்கையில் இது இன்னும் மோசம். 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 25 டிகிரியில் எட்டு சொச்சம்தான் பிடிக்கும். அதுவும் நிறைந்திருந்தால்.

உங்கள் மீனை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மணிக்கு அது உங்கள் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஏரியின் பாதியைச் சுற்றியிருக்கும். 28 பவுண்டு, அதாவது பன்னிரண்டரைக் கிலோவுக்கு மேல். அந்த உடம்பின் தசை முழுக்க இழுத்த களைப்பு ஏறி நிற்கும் நேரத்தில்தான் அதற்கு மூச்சு அதிகம் தேவை. தானாக விட்டிருந்தால் காற்று அடிக்கும் கரை பார்த்து, நல்ல தண்ணீர் தேடிப் போயிருக்கும். நீங்கள் அதைக் கரையோரத்தில், இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடத்தில், ஒரு பைக்குள் கட்டிப்போட்டீர்கள். ஒன்றரையிலிருந்து ஐந்து வரை. ஏரியிலேயே மூச்சு வற்றும் அந்த மூன்றரை மணி நேரம் முழுக்க. எதற்காக? ஒரு போட்டோவுக்காக!

கெண்டை தாங்கும் என்பார்கள். தாங்கும். மற்ற மீன்கள் செத்துப்போகிற தண்ணீரில்கூட அது கிடக்கும். தாங்குகிறதே என்பதற்காக ஒன்றை எவ்வளவு வேண்டுமானாலும் படுத்தலாம் என்றா நினைக்கிறீர்கள்? வீட்டில் யாரிடமாவது அப்படி நடந்துகொள்வீர்களா? சாக்கில் துளை இருக்கிறது, தண்ணீர் உள்ளே போய்வரும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். மீன் தன் உடம்பால் தண்ணீரைக் கலக்கி நகர்ந்தால்தான் புதுத் தண்ணீர் வரும். சுருண்டு கிடக்கிற மீனைச் சுற்றி அது ஏற்கெனவே விட்ட மூச்சுதான் நிற்கும். சாக்குக்கே தடை போட்ட ஏரிகள் அங்கே நிறைய இருக்கின்றன. உங்கள் ஏரியின் விதிகளை ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் இருந்த காலத்தில் லண்டனுக்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கில் நானும் ராத்திரிகளில் உட்கார்ந்திருக்கிறேன். சரளைக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் ஊறி ஏரிகளான இடங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பைட் அலாரம் வைத்துக்கொள்ள மாட்டார். ரீலுக்கும் ராடின் முதல் வளையத்துக்கும் நடுவே நரம்பில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளை மடித்துத் தொங்கவிடுவார். மீன் இழுத்தால் தாள் மேலே ஏறும். அதைப் பார்க்க ஆள் விழித்திருக்க வேண்டும்.

அவர் மீனைக் கையாள்வதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராடைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பொழுதோடு, மெத்தை விரிப்பை விரித்துப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார். மீன் வலைக்குள் வந்ததும் முதலில் விரிப்பில் தண்ணீர், பிறகு தன் இரண்டு கையிலும் தண்ணீர். காய்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்து வந்துவிடும், நோய்க்கு அதுதான் வாசல். முழங்கால் போட்டு உட்கார்ந்து மீனுக்கு மேல் குனிந்துகொள்வார். கண்ணாடிக் கெண்டையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அப்போதுதான். முதுகோரம் மட்டும் பெரிய பெரிய செதில்கள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. மற்ற இடமெல்லாம் தோல், பழைய தோல்செருப்பின் நிறம். வாய் முன்னால் குழாயாக நீண்டு உள்ளே போகும். ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டாக நாலு மீசை. கீழ் உதட்டின் நடுவில் தூண்டில் முள். விரலால் ஒரு திருப்பு, வந்துவிட்டது. கண் கீழ்ப்பக்கம் உருண்டு எங்களைப் பார்த்தது. ஒரே தூக்கில் தண்ணீருக்குக் கொண்டுபோய் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து நிறுத்தினார். தலைவிளக்கை அணைத்துவிட்டார். அது வாலை ஒருமுறை உதறிப் போகும்வரை பேச்சே இல்லை. எடைகூடப் போடவில்லை.

படம் எடுக்கலாமே என்று கேட்டேன். இருட்டில் பிடித்ததை இருட்டிலேயே விடு என்றார். அவ்வளவுதான். நான் அதை வேறு எந்த வாக்கியத்தைவிடவும் அதிகம் யோசித்திருக்கிறேன்.

அதே ஊரில் இன்னொரு ஏரியில் இன்னொரு காலையையும் பார்த்தேன். அந்த ஆள் சாக்கைக் கரைக்கு இழுக்கும்போதே அது கனமாக, அசைவில்லாமல் வந்தது. மீனின் நிறம் வெளிறியிருந்தது. துடுப்புகளிலும் வயிற்றிலும் சிவப்புக் கீறலாக ரத்தம் கட்டியிருந்தது. மார்பளவு தண்ணீரில் இறங்கி அவர் அதை நிமிர்த்தி நிமிர்த்திப் பிடித்தார். விட்டால் சாய்ந்தது. மறுபடி பிடித்தார். நாங்கள் மூட்டை கட்டிக் கிளம்பும்போதும் அவர் தண்ணீரில்தான் நின்றார், அழுதுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, எஸ். உங்களைப் போல மீன்மேல் ஆசை உள்ளவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மீன்கள் நீங்கள் நினைப்பதைவிட ரொம்பப் பேருக்குச் சொந்தம். ஹெரிஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் பிடித்த 44 பவுண்டு கெண்டைக்குப் பிறகுதான் இந்த ராத்தங்கல் கலாச்சாரமே அங்கே பரவியது. அதை லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். 1971 வரை, பத்தொன்பது வருடம், அது ஒரு கண்ணாடித் தொட்டியில் கிடந்தது. அப்படி ஒரு ஆயுளை நான் எந்த மீனுக்கும் விரும்ப மாட்டேன். 'பென்சன்' என்று செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடிய கெண்டை, 64 பவுண்டு வரை வளர்ந்தது, அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டு விடப்பட்டதாகச் சொன்னார்கள். 2009இல் அது செத்தபோது செய்தித்தாள்கள் இரங்கல் எழுதின. அறுபது பேரில் ஒரே ஒருவர் அசட்டையாக இருந்திருந்தாலும் மீதிப் பேருக்கு அந்த மீன் கிடைத்திருக்காது. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் ஒழுங்காக விட்டதால் அந்த 28 பவுண்டு மீன் உங்கள் கைக்கு வந்தது என்று யோசித்தீர்களா?

வன்முறையா என்று கேட்டீர்கள். வலிக்காது என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. வானவில் ட்ரவுட் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்புகள் இருப்பதை 2003இல் ஸ்காட்லாந்தில் ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள். கெண்டைக்கு மட்டும் இல்லாமல் போகுமா? வலி உண்டு என்று வைத்துக்கொண்டே போங்கள். அப்போதுதான் கை ஈரமாக இருக்கும், விரிப்பு முன்கூட்டியே விரிந்திருக்கும், முள் கொக்கிமுனை இல்லாததாக இருக்கும். வெக்கை அடிக்கும் வாரத்தில் போகாமலே இருந்துவிடுவீர்கள். 2022 ஜூலையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டியபோது பல ஏரிகளை மூடினார்களே, மனிதர்களுக்காக மூடவில்லை.

படம் கட்டாயம் வேண்டுமென்றால் ராத்திரியிலேயே எடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, விளக்கை வைத்து, ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்து ஒத்திகை பார்த்துவிட்டுத் தூண்டில் போடுங்கள். மீன் வந்தால் விரிப்பின் மேல், முழங்காலுக்கு மேலே தூக்காமல், ஒரு நிமிஷம். முகம் கொஞ்சம் மங்கலாக வரும், வரட்டும். எந்த நிழலும் விழாத காலை வெளிச்சப் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் மீனின் துடுப்பைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் தெரிந்த மீன்பிடி வேறு. கண்மாய் வற்றும் கோடையில் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊரே இறங்குகிற மீன்பிடித் திருவிழாவில் நின்றவர். அங்கே மீனை விட்டால் அது சேறு காய்ந்து சாகும். பிடித்து, குழம்பு வைத்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பதுதான் அங்கே நியாயம். உங்கள் ஏரி வற்றாது. ஏரிக்காரரின் அனுமதியில்லாமல் அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் இங்கிலாந்துத் திருட்டுச் சட்டப்படி குற்றம். இதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். சாக்கு விஷயத்தையும் சொல்லிப் பாருங்கள். என்னைவிட நன்றாகத் திட்டுவார்.

கடைசியாக ஒன்று. ஐந்து மணிக்கு விட்டேன் என்று எழுதிய நீங்கள், அது எப்படிப் போயிற்று என்று எழுதவில்லை. நிமிர்ந்து போயிற்றா, பக்கவாட்டில் சாய்ந்து மிதந்து பிறகு இறங்கிற்றா? கண்ணாடிக் கெண்டையின் செதில் வரிசை மீனுக்கு மீன் வேறு. படத்தைக் கொண்டுபோய் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பெய்லிஃபிடம் காட்டுங்கள். ஜூலைக்குப் பிறகு யாராவது அதைப் பிடித்தார்களா, பார்த்தார்களா என்று கேளுங்கள். சாக்கில் வைத்திருந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.