டெர்மினலில் இருந்தே ஜிபிஐஓ பின்களை இயக்குவது: கேள்வி பதில்

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில், நிரலால் இயக்கவோ படிக்கவோ கூடியவைதான் ஜிபிஐஓ பின்கள். அவற்றைப் பைத்தான் எழுதாமல் கட்டளை வரியிலேயே இயக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். கேள்விகள் வேறுவேறாக இருந்தாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் சிக்குகின்றன: இப்போது அந்தப் பின் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமலே கட்டளை கொடுத்துவிடுகிறோம்.

கேள்வி: சார், பழைய பாடம் ஒன்றில் சொன்னபடி சிஸ் கிளாஸ் ஜிபிஐஓ அடைவில் எக்ஸ்போர்ட் கோப்புக்குள் 17 என்று எகோ செய்தால் "இன்வாலிட் ஆர்க்யுமென்ட்" என்கிறது. பழைய எஸ்டி கார்டில் இதே கட்டளை ஓடியது. பலகை பை 4.

பதில்: பலகை நன்றாகத்தான் இருக்கிறது. எண்தான் மாறிவிட்டது. பையின் இயங்குதளமான பை ஓஎஸ் 6.6 கெர்னலுக்கு (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்தபிறகு உங்கள் பலகையில் இந்த எண்கள் 0இல் தொடங்குவதில்லை, 512இல் தொடங்குகின்றன. 512உடன் 17ஐக் கூட்டி 529 என்று எழுதிப் பாருங்கள், ஓடும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். சிஸ் அடைவுக் கோப்புகளில் எழுதும் இந்த சிஸ்எஃப்எஸ் வழியைக் கெர்னல்காரர்கள் 2016இல், 4.8 பதிப்பிலேயே பழையது என்று ஒதுக்கிவிட்டார்கள். எண் மாறுவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, எக்ஸ்போர்ட் செய்த பின்னுக்குச் சொந்தக்காரர் என்று யாருமே கிடையாது. உங்கள் ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் பின் அப்படியே கிடக்கும். இன்னொரு ஸ்கிரிப்ட் வந்து அதே கோப்பில் எழுதினால் தடுக்க ஆளில்லை. புதிதாக எழுதுவதை இதற்கென்றே உள்ள லிப்ஜிபிஐஓடி என்ற நூலகத்தின் கட்டளைக் கருவிகளில் எழுதுங்கள்.

கேள்வி: அந்தக் கருவிகளில் எங்கே ஆரம்பிப்பது?

பதில்: நிறுவ வேண்டிய தொகுப்பின் பெயர் ஜிபிஐஓடி. முதலில் ஜிபிஐஓடிடெக்ட் ஓட்டுங்கள். பின்களைக் கட்டுப்படுத்தும் சிப் எத்தனை இருக்கின்றன, எதில் எத்தனை லைன் (ஜிபிஐஓ எண் கொண்ட ஒவ்வொரு பின்னும் ஒரு லைன்) என்று காட்டும். அது காட்டும் பெயரில் பிசிஎம் என்றோ ஆர்பி1 என்றோ இருக்கும் சிப்தான் உங்கள் 40 பின் வரிசைக்கு உரியது. ஆர்பி1 வந்தால் அது பை 5. அந்தப் பலகையில் சிப் எண் ஒரு காலத்தில் 4 ஆக இருந்தது, பிந்தைய கெர்னலில் 0 ஆகிவிட்டது. அதனால் ஸ்கிரிப்டுக்குள் சிப் எண்ணை அப்படியே பதித்துவிடாதீர்கள்.

அடுத்தது ஜிபிஐஓஇன்ஃபோ. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வரி வரும். அதில் எண், பெயர், உள்ளீடா வெளியீடா என்பது, யார் பயன்படுத்துகிறார்கள் என்பது எல்லாம் இருக்கும். எஸ்பிஐ (மற்ற சாதனங்களோடு பேசும் ஒரு தொடர்பு முறை) இயக்கத்தில் இருக்கும் பலகையில் 8ஆம் லைனைப் பாருங்கள், எஸ்பிஐ0 சிஎஸ்0 என்று எழுதியிருக்கும். அது கெர்னல் பிடித்து வைத்திருக்கும் பின். நீங்கள் கேட்டால் "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பிழையைப் பார்த்து எரிச்சல்பட வேண்டாம், உங்கள் வயரிங்கைக் காப்பாற்றுவதே அதுதான்.

கேள்வி: அண்ணா, 2ஆம் லைன் "அன்யூஸ்ட்" என்றுதான் காட்டியது. அதை வெளியீடாக மாற்றியதும் ஐ2சி சென்சார் பேச்சை நிறுத்திவிட்டது. காலியாக இருந்த பின்னை எடுத்தது தப்பா?

பதில்: தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஜிபிஐஓஇன்ஃபோ காட்டுவது, ஜிபிஐஓ என்ற முறையில் அந்த லைனை யாராவது கேட்டு வாங்கியிருக்கிறார்களா என்பதை மட்டும்தான். ஐ2சியும் ஒரு தொடர்பு முறைதான், ஆனால் அது அப்படிக் கேட்டு வாங்குவதில்லை. பின்னின் வேலையையே மாற்றி வைத்துக்கொள்கிறது. அதைப் பார்க்க பின்சிடிஆர்எல் கட்டளை வேண்டும். பின்சிடிஆர்எல் கெட் 2 என்று கொடுத்தால், ஐ2சி இயக்கத்தில் இருக்கும்போது ஐபி (உள்ளீடு), ஓபி (வெளியீடு) என்று வராது. ஏ0 என்று வரும், பை 5 ஆனால் ஏ3 என்று வரும். பக்கத்தில் எஸ்டிஏ1 என்ற பெயரும் இருக்கும். ஏ என்று தொடங்கினாலே அந்தப் பின் வேறு வேலையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். நீங்கள் அதை வெளியீடாக்கிய நொடியில் ஐ2சி கம்பி அறுந்த மாதிரிதான்.

சரி, இதிலிருந்து மீள ஐ2சி வேலையைப் பின்னுக்குத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் ரீபூட் செய்யுங்கள். அந்தப் பின்களில் 1.8 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர்கள் (பின்னை மேல்நிலைக்கு இழுத்து வைப்பவை) பலகையிலேயே பற்றவைத்து வருகின்றன. சாதாரண எல்இடிக்கோ பட்டனுக்கோ 2, 3ஐ எடுக்காமல் 17, 27 பக்கம் போய்விடுங்கள்.

கேள்வி: பின்சிடிஆர்எல்லிலேயே பின்னை ஏற்றி இறக்கவும் முடிகிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன?

பதில்: முடியும். பின்சிடிஆர்எல் செட் 17 ஓபி டிஹெச் என்றால் 17 மேலேறும், டிஎல் என்றால் கீழிறங்கும். ஆனால் அது கெர்னலைக் கேட்காமல் நேராகச் சிப்பின் ரெஜிஸ்டரில் (பின்னின் நிலையை வைத்திருக்கும் வன்பொருள் இடத்தில்) கை வைக்கிறது. யார் வைத்திருக்கும் பின்னாக இருந்தாலும் மாற்றிவிடும். அதனால் பார்ப்பதற்கும் வயரிங் சோதிப்பதற்கும் தயங்காமல் எடுங்கள். நாள் முழுக்க ஓடும் ஸ்கிரிப்டில் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: ஜிபிஐஓசெட் கொடுத்தால் ஒரு கணினியில் எல்இடி எரிந்து கட்டளை உடனே முடிகிறது. இன்னொன்றில் கட்டளை முடியாமல் தொங்கி நிற்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், பதிப்பு வேறு. பை ஓஎஸின் அடிப்படையான டெபியனில், புக்வார்ம் வெளியீட்டில் லிப்ஜிபிஐஓடி 1.6 வருகிறது, அடுத்த வெளியீடான ட்ரிக்ஸியில் 2ஆம் வரிசை. பழையதில் சிப் பெயரைக் கொடுத்து 17=1 என்பீர்கள். அது எழுதிவிட்டு வெளியே வந்துவிடும். வெளியே வந்தபிறகு பின் அதே நிலையில் இருக்கும் என்று லிப்ஜிபிஐஓடி உறுதி தருவதில்லை. சில பலகைகளில் நிற்கும், சிலவற்றில் உள்ளீடாக மாறி எல்இடி அணைந்துவிடும். "நிற்கிறதே" என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் அடுத்த கெர்னல் மேம்படுத்தலில் காலை வாரிவிடும். பழைய பதிப்பில் மோட் விருப்பத்துக்கு வெயிட் என்று கொடுத்தால் கட்டளை பின்னைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

புதிய பதிப்பு இதைத்தான் இயல்பாகவே செய்கிறது. கட்டளை உயிரோடு இருக்கும்வரை பின் உங்களுடையது. அதனால்தான் தொங்குவது போலத் தெரிகிறது. டெர்மினல் திரும்ப வேண்டுமானால் டீமனைஸ் விருப்பம் கொடுங்கள், பின்னணியில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிய பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, சிப்பைச் சொல்லாமல் ஜிபிஐஓ17=1 என்று லைன் பெயரையே கொடுக்கலாம் என்பது. மேலே சொன்ன சிப் எண் தலைவலி அதோடு போயிற்று. டாகிள் விருப்பத்தில் 500 மில்லி செகண்ட் என்று கொடுத்தால் லூப் எழுதாமலே எல்இடி சிமிட்டும்.

கேள்வி: 17 என்று கொடுத்துவிட்டு 17ஆம் காலில் எல்இடி மாட்டினேன். அணைக்கவே முடியவில்லை!

பதில்: பலகையில் கால்களை எண்ணும் வரிசை வேறு, ஜிபிஐஓ எண் வேறு. 17ஆம் காலில் எப்போதும் 3.3 வோல்ட் இருக்கும், அணையாது. ஜிபிஐஓ17 இருப்பது 11ஆம் காலில். பின்அவுட் என்று டைப் செய்தால் படமாகவே வரும்.

கேள்வி: சூடோ போட்டும் "பெர்மிஷன் டினைட்" வருகிறது. எகோ கட்டளைக்கு முன்னால் சூடோ இருக்கிறது.

பதில்: சூடோ எகோவுக்குத்தான் கிடைத்தது. கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அதற்கு உரிமை இல்லை. டீ கட்டளைக்கு சூடோ கொடுத்து எகோவை அதற்குள் பைப் செய்யுங்கள். லிப்ஜிபிஐஓடி கருவிகளுக்கு இந்தச் சிக்கலே வராது, உங்கள் பயனர் ஜிபிஐஓ குழுவில் இருந்தால் போதும்.

கேள்வி: பட்டனை அழுத்தாமலே ஜிபிஐஓகெட் சில நேரம் 1, சில நேரம் 0 தருகிறது ஐயா. அழுத்தினால் ஜிபிஐஓமான் நாலைந்து தடவை அழுத்தியதாகச் சொல்கிறது.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல். முதலாவது, பட்டன் திறந்திருக்கும்போது பின் எதிலும் இணையாமல் அந்தரத்தில் நிற்கிறது. பட்டனின் மறுமுனை கிரவுண்டில் இருந்தால் பயஸ் விருப்பத்துக்குப் புல்-அப் கொடுங்கள். அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0 என்று நிலைத்துவிடும். இரண்டாவது, பட்டனுக்குள் உலோகத் தகடு துள்ளுவது. புதிய பதிப்பில் டீபவுன்ஸ் பீரியட் விருப்பம் இருக்கிறது. 10 மில்லி செகண்டில் ஆரம்பித்துத் தேவைக்கேற்ப ஏற்றுங்கள்.

கேள்வி: 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டை நேராகப் பின்னில் கொடுக்கலாமா? பை ஆன் ஆகும்போது ரிலே ஒரு தடவை டிக் என்கிறது, அதையும் நிறுத்த வேண்டும்.

பதில்: நேராகக் கொடுக்கவே கூடாது. இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டைத் தாங்கும் பாதுகாப்பு இல்லை. சென்சார் பக்கம் 1 கிலோ ஓம், கிரவுண்ட் பக்கம் 2 கிலோ ஓம் வைத்து நடுவில் இருந்து எடுத்தால் சுமார் 3.3 வோல்ட் வரும். ரிலே சுருளையும் பின்னில் நேராக மாட்டாதீர்கள். ஒரு பின்னின் எல்லை 16 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டர் வழியாகப் போங்கள், சுருளுக்குக் குறுக்கே டையோடும் போடுங்கள்.

டிக் சத்தத்துக்குக் காரணம், உங்கள் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும்வரை பின்னைக் கவனிக்க யாரும் இல்லை என்பதுதான். ரீசெட்டில் 0 முதல் 8 வரை புல்-அப், 9 முதல் 27 வரை புல்-டவுன் (கீழ்நிலைக்கு இழுத்து வைப்பது). மேலேறினால் இயங்கும் ரிலேயை 4இல் மாட்டியிருந்தால் ஆன் ஆனதும் டிக் என்னத்தான் செய்யும். 17க்கு மாற்றுங்கள். அப்புறம் பூட் பகிர்வில் உள்ள கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ=17=ஓபி,டிஎல் என்று ஒரு வரி சேருங்கள். கெர்னல் வருவதற்கு முன்பே ஃபர்ம்வேர் அதைப் படித்துப் பின்னைக் கீழே இறக்கிவிடும்.

கேள்வி: ஷெல் லூப்பில் சர்வோ மோட்டாரை ஓட்டினால் நடுங்குகிறது.

பதில்: ஷெல்லால் அந்த நேரத் துல்லியத்தைக் காக்க முடியாது. வன்பொருள் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தைச் சிப்பே சீராகக் காப்பது) எடுங்கள். கான்ஃபிக் கோப்பில் பிடபிள்யூஎம் ஓவர்லேயைச் (கூடுதல் வன்பொருள் அமைப்பை) சேர்த்தால், பை 4 வரையிலான பலகைகளில் 18ஆம் லைன் அதற்கு வந்துவிடும். பிடபிள்யூஎம்சிப்0 அடைவில் 0ஐ எக்ஸ்போர்ட் செய்து, பீரியட் கோப்பில் 20000000, டியூட்டி சைக்கிளில் 1500000 எழுதுங்கள். எல்லாம் நானோ செகண்ட் கணக்கு. பீரியடை முதலில் எழுத வேண்டும், டியூட்டி பீரியடைவிடப் பெரிதாக இருந்தால் கெர்னல் ஏற்காது. கடைசியாக எனேபிள் கோப்பில் 1. சர்வோ நடுவில் வந்து நிற்கும்.