ஆன்லைனில் ஜிஐஎஸ் முதுகலை: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னையில் குடிநீர்க் குழாய்த் திட்டங்களுக்கு வரைபடம் தயாரிப்பது என் வேலை. அந்த வேலையை விடாமலே அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் அமைப்பு முதுகலையை ஆன்லைனில் முடித்தேன். மூன்றரை வருஷம் பிடித்தது. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்ததை ஒன்றாக்கிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (கோவை, சிவில் இன்ஜினியர்): மேடம், க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை முழுக்க யூடியூபிலேயே கற்றுக்கொண்டேன். இதற்கு மேல் பட்டம் எதற்கு?

மென்பொருளுக்காக என்றால் வேண்டவே வேண்டாம். எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதற்கு ஆயுசு குறைவு. ஆர்க்மேப் என்ற பழைய வரைபட மென்பொருளில் வருஷக்கணக்காக ஊறியவர்கள் எத்தனை பேர்! அதற்கான ஆதரவு 2026 மார்ச் 1-உடன் முடிவதாக, அதைத் தயாரித்த எஸ்ரி நிறுவனம் முன்பே அறிவித்தது.

எனக்குப் பட்டத்தால் கிடைத்தது, திரையில் அழகாக இருப்பதைச் சந்தேகப்படும் பழக்கம். இணைய வரைபடங்களில் வெப் மெர்கேட்டர் என்ற வீழல், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை இருக்கிறதே, அதில் வைத்தே பரப்பளவு கணக்கிட்டால் சென்னைப் பக்கம் சுமார் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 100 ஏக்கர் 105 ஆகிவிடும். அட்சரேகை 60 டிகிரிக்குப் போனால் நான்கு மடங்கு. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் அந்த எண்ணைக் கொடுத்துவிடும். நில இழப்பீடு அந்த 5 ஏக்கரில்தான் இருக்கும்.

கேள்வி (திண்டுக்கல், சர்வேயர்): மதுரை லேயரும் (வரைபட அடுக்கு) திண்டுக்கல் லேயரும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. இரண்டுமே யுடிஎம்-தான். இதையெல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்களா?

சொல்லித் தருகிறார்கள், ஆனால் உங்கள் ஊரை வைத்து அல்ல. அதனால் நான் சொல்கிறேன்.

யுடிஎம் என்பது இடங்களை மீட்டர் எண்களால் குறிக்கும் முறை. அது உலகத்தை 6 டிகிரி அகலமுள்ள 60 பட்டைகளாக வெட்டுகிறது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை ஒரு வெட்டுக்கோடு. அது தமிழ்நாட்டின் நடுவே, உங்கள் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில் போகிறது. திண்டுக்கல், ஈரோடு, கோவை எல்லாம் 43-ஆம் பட்டை. மதுரை, சேலம், சென்னை 44. 43-இல் எடுத்த அளவுகளை 44 என்று சொல்லித் திறந்தால் எல்லாமே 6 டிகிரி கிழக்கே, அதாவது சுமார் 650 கிலோமீட்டர் தள்ளிப் போகும். திண்டுக்கல் வங்காள விரிகுடாவில் மிதக்கும்.

இதைச் சரி செய்கிறேன் என்று பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. லேயருக்கு 44 என்று பெயரை மட்டும் மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பாட்டிலில் நல்லெண்ணெய் லேபிள் ஒட்டினால் தாளிக்க முடியுமா? முதலில் அது உண்மையில் எந்தப் பட்டையில் எடுத்ததோ அதையே லேயருக்குச் சொல்லுங்கள். அப்புறம் புதிய பட்டைக்கு மாற்றி வேறு கோப்பாகச் சேமியுங்கள். அப்போதுதான் எண்கள் உண்மையிலேயே திரும்பக் கணக்கிடப்படும். இரண்டு மாவட்டமும் ஒரே திட்டத்தில் வந்தால் ஏதாவது ஒரு பட்டையை முடிவு செய்து எல்லாவற்றையும் அதற்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, எங்களுக்கும் இதே பிரச்சினை இருக்கிறதோ?

இலங்கை முழுவதும் 44-க்குள் அடங்கிவிடும், நீங்கள் தப்பித்தீர்கள். உங்களுக்கு வேறொரு வில்லங்கம் இருக்கிறது. அங்கே இடங்களை மீட்டரில் குறிக்க இரண்டு கட்டங்கள் உண்டு: பழைய கண்டவளைக் கட்டம், 1999-இன் புதிய கட்டம். இரண்டுக்குமே பிதுருதலாகல மலைதான் தொடக்கம். பழையதில் அந்த இடத்துக்கு 2 லட்சம் மீட்டர் என்று எண் கொடுத்தார்கள், புதியதில் 5 லட்சம். புதிய எண்களைப் பழைய கட்டமாகத் திறந்தால் 300 கிலோமீட்டர் வடக்கேயும் அதே அளவு கிழக்கேயும் போய், யாழ்ப்பாணமும் கடலுக்குள். திண்டுக்கல்காரருக்குத் துணை கிடைக்கும்.

கேள்வி (ஓசூர்): ஃபீஸ் எவ்வளவு? கடன் வாங்கிப் படிக்கலாமா?

பென் ஸ்டேட்டில் மொத்தம் 35 கிரெடிட். இந்திய ரூபாயில் 20 லட்சத்தைத் தாண்டும். பாடம் பாடமாகக் கட்டலாம் என்பதால் ஒரேயடியாகக் கழுத்தைப் பிடிக்காது. ஆனாலும் இங்கே ஜிஐஎஸ் வேலையில் ஆரம்பச் சம்பளத்தில் இருப்பவர் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். எனக்குப் பாதிப் பணம் அலுவலகம் தந்தது. இல்லையென்றால் சேர்ந்திருக்க மாட்டேன்.

பலருக்குத் தெரியாத விஷயம்: அந்தத் துறையின் பல பாடங்களைப் பணம் கட்டாமலே இணையத்தில் படிக்கலாம். பைத்தான் நிரலாக்கம் சொல்லித்தரும் ஜியாக் 485 அப்படித் திறந்தே கிடக்கிறது. பயிற்சிகளைத் திருத்தித் தர ஆள் இருக்காது, அவ்வளவுதான். சேர்வதற்கு முன் அதில் நான்கு வாரம் உட்கார்ந்து பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் 20 லட்சம் மிச்சம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனமும் இலவச ஆன்லைன் வகுப்புகள் நடத்துகிறது. ஐரோப்பா பக்கம் பார்ப்பவர்கள் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் யூனிஜிஐஎஸ் படிப்பையும் விசாரியுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வெளிநாட்டு ஆன்லைன் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா?

அதை நம்பிச் சேராதீர்கள். அரசுப் பணியோ கல்லூரி ஆசிரியர் பணியோ குறி என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே இணைத்தன்மை விதிகளை, அதாவது இந்தப் பட்டம் இங்கத்திய பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்படுமா என்பதைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி நேரில் போய்ப் படிப்பதுதான் சிக்கல் இல்லாத வழி.

கேள்வி (திருச்சி): அக்கா, இரண்டு குழந்தைகள், வேலை வேறு. நேரம் கிடைக்குமா?

ஒரு பாடம் பத்து வாரம். வாரத்துக்கு 10 முதல் 12 மணி நேரம் எனக்குத் தேவைப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரே பாடம் எடுங்கள், ஆசைப்பட்டு இரண்டு எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன், அந்தத் தீபாவளிக்கு முறுக்கு கடையில் வாங்கினோம்.

அவர்களுடைய இரவு 11:59 கெடு நமக்கு மறுநாள் காலை 9:29. குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அப்போது 10:29. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால்கூட நேரம் இருக்கிறது என்று நினைத்து, ஒரு திங்கட்கிழமை காலை கடைசிக் கோப்பை ஏற்றும்போது தெருவில் மின்தடை. மதிப்பெண் போனது. அதிலிருந்து ஞாயிறு இரவே அனுப்பிவிடுவேன்.

கேள்வி (சேலம், புவியியல் மாணவி): கோடிங் தெரியாது. பயமாக இருக்கிறது.

எனக்கும் தெரியாது. அலுவலகத்தில் வார்டு வாரியாக 200 வரைபடங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். பைத்தானில் பதினைந்து வரி எழுதினேன், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. பயம் அன்றோடு போனது. சூத்திரம் போட்டு எக்செல் பழகியவருக்கு இது எட்டாத உயரம் இல்லை.

கேள்வி (மதுரை): கடைசியில் ஆய்வேடு எழுத வேண்டுமா?

ஆய்வேட்டுக்குப் பதில் ஒரு செயல்திட்டம். முதலில் முன்மொழிவு, சக மாணவர்கள் அதைக் கிழிப்பார்கள், அப்புறம் வேலை, கடைசியில் ஏதாவது தொழில்முறை மாநாட்டில் பேச வேண்டும். தாம்பரம் பக்கத்து ஏரிகளின் பழைய எல்லையை நில அளவைத் துறையின் பழைய தாள்களிலிருந்து எடுத்து, சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டேன். அதன் ஒரு படப்புள்ளி 10 மீட்டர் அகலம்; அது ஏரிக்குப் போதும், வாய்க்காலுக்குப் போதாது. முதல் முயற்சியில் பாதி ஏரிகள் வீடுகளின் மேல் உட்கார்ந்திருந்தன. ஆக்கிரமிப்பு என்று குதித்தேன். பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை, செயற்கைக்கோள் படம் இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் மாற்றாமல் ஒட்டினால் நம் பக்கம் 100 மீட்டருக்கு மேல் விலகும். சரி செய்த பிறகு ஆக்கிரமிப்புப் பட்டியல் பாதியாகக் குறைந்தது. முன்மொழிவைக் கிழித்த சக மாணவர் கேட்ட முதல் கேள்வியே, எந்த டேட்டம், அதாவது பூமியை அளக்க எந்த அடிப்படை, என்பதுதான்.

கேள்வி (பெங்களூரு): மேக் வைத்திருக்கிறேன், போதுமா?

க்யூஜிஐஎஸ் ஓடும். ஆர்க்மேப்புக்கு அடுத்து வந்த எஸ்ரியின் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ விண்டோஸில் மட்டும்தான். சேரும் முன் 16 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப் ஒன்று தேடுங்கள், புதிது வேண்டாம்.