தலையணை எப்படி ஊர்ச்சின்னம் ஆனது?

தம்பி, சுவிட்சர்லாந்தில் ரிகி மலையடியில் உள்ள குஸ்நாக்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். கெமைண்டே, அதாவது ஊர் நிர்வாகம், அனுப்பும் கடிதங்களில் சிவப்புக் கேடயத்தில் மஞ்சள் தலையணை ஒன்று இருக்கிறதே, அதன் பொருள் என்ன, திறக்கப்போகும் சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் அதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி ஊர்ச்சின்னம் அந்த ஊர் நிர்வாகத்துக்கே உரியது; வியாபார அடையாளமாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகஸ்ட் 1, தேசிய நாளில் வாசலை ஊர்க்கொடியால் அலங்கரிக்கத் தடையில்லை. மற்றபடி எதுவானாலும் கெமைண்டே அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனித் தலையணை. ஜெர்மனில் அதற்குக் 'கிஸ்ஸென்' என்று பெயர். இங்குள்ளவர்கள் பேச்சில் 'ஹுஸ்ஸி' என்பார்கள். ஊரையும் 'ஹுஸ்நாக்ட்' என்பார்கள். ஊர்ப்பெயர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே படமாக்கிவிட்டார்கள். இந்த வகைக்கு ஜெர்மனிலேயே 'பேசும் சின்னம்' என்றுதான் பெயர். ஷாஃப்ஹவுசனின் செம்மறிக் கடா, பீல் நகரத்தின் இரண்டு கோடரிகள் எல்லாம் இப்படி வந்தவையே. 'ஷாஃப்' என்றால் செம்மறி, 'பைல்' என்றால் கோடரி. சூரிச் ஏரிக்கரையில் உள்ள இன்னொரு குஸ்நாக்டுக்கும் சிவப்பில் மஞ்சள் தலையணைதான்.

பெயரின் வேர் வேறு. உரோமர் காலத்தில் கொசினியுஸ் என்ற ஒருவரின் நிலமாக இருந்ததால் வந்த பெயர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. யாழ் வாசித்த பாணனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்த மணல் நிலம் யாழ்ப்பாணமானது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? பெயரின் வேரைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், நாமோ யாழை வரைந்துகொண்டேயிருக்கிறோம். அதனால் தலையணையை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஓர் ஊர் தன் பெயரைத் தானே கேட்டு மகிழ்ந்த விதம் அது.

நிறத்துக்கும் விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்ற உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ வண்ணத்தின்மேல் வண்ணமோ வரக்கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்தே கேடயத்தை அடையாளம் காண வேண்டியிருந்த காலத்துப் பழக்கம் இது.

ஆனால் எல்லா ஊர்ச்சின்னமும் அவ்வளவு பழையதல்ல. 1939இல் சூரிச்சில் நடந்த தேசியக் கண்காட்சியில் ஏறத்தாழ 3,000 ஊர்களின் கொடிகளை ஒரு நடைபாதையின்மேல் கூரைபோலத் தொங்கவிட்டார்கள். சின்னமே இல்லாத பல கிராமங்கள் அதையொட்டித்தான் தமக்கென்று ஒன்றை வரைந்துகொண்டன.

இன்று ஊர்கள் 2,100 சொச்சம்தான். ஒன்றோடொன்று இணையும்போது பழைய சின்னம் அலுவல் முறையில் மறைந்துவிடுகிறது. கிளாருஸ் மாநிலத்தில் 2011இல் 25 ஊர்கள் மூன்றாகின. என்னோடு உணவகச் சமையலறையில் இருபது ஆண்டுகள் வேலை செய்த நண்பர் அங்கேதான் பிறந்தார். அவருடைய ஊரும் அப்படிக் கரைந்துபோனது. ஒவ்வோர் ஆகஸ்ட் முதலாம் தேதியும் அவர் மாடியில் அந்தப் பழைய கொடியைத்தான் கட்டுகிறார். முழங்கால் வலியால் இப்போது ஏணி ஏற முடிவதில்லை. சென்ற இரண்டு ஆண்டுகளாக நான் போய்க் கட்டிக்கொடுக்கிறேன்.