கப்பல் அறைக் கதவுக்குத் தோரணம்: கேள்வி பதில்

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம், பிறந்தநாள் என்று குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் ஏறிக் கொண்டாடுவது நம் பக்கத்திலும் பெருகி வருகிறது. கோவையிலிருந்து நேரே சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே கப்பல் ஏறுபவர்களும் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படுபவர்களும் உண்டு. அறைக் கதவை அலங்கரிப்பது குறித்து எங்கள் பயணக் குழு அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பயணிகள் கப்பல்களில் அறைப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்று இப்போது கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கும் உறுப்பினர் பதிலளிக்கிறார். கேள்விகள் வந்த வரிசையிலேயே தரப்பட்டுள்ளன.

ஈரோடு: ஐயா, எங்கள் அப்பாருவுக்கும் அப்பத்தாவுக்கும் எண்பதாம் கல்யாணக் கொண்டாட்டத்தைக் கப்பலில் வைத்திருக்கிறோம். அறைக் கதவை அலங்கரிக்க விடுவார்களா?

பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, ஆனால் கட்டுப்பாடுகளோடுதான். அந்தக் கட்டுப்பாடுகள் ஏன் என்று புரிய வேண்டுமானால், அந்தக் கதவு எப்படிப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் விடுதி அறைக் கதவு போலவே இருக்கும். உண்மையில் அது தீயைத் தடுத்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட தடுப்பு. இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்யும் பஞ்சு) போன்ற எரியாத பொருளை அடைத்து, மேலே மெல்லிய அலங்காரப் படலம் ஒட்டியிருப்பார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் சோலாஸ் என்னும் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை முதன்முதலாக உருவானது. இன்று நடைமுறையில் இருப்பது 1974இல் ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட வடிவம். அதன்படி 'பி' வகைத் தடுப்பு என்பது அரை மணி நேரம் தீச்சுவாலையை மறுபக்கம் விடாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். பெரிய பயணிகள் கப்பல்களில் அப்படிப்பட்ட தடுப்பில் அமைந்த அறைக் கதவு தானாகவே மூடிக்கொள்ள வேண்டும், அதைத் திறந்தபடி நிறுத்தி வைக்கும் கொக்கியும் கூடாது.

ஆகவே நீங்கள் மாட்டும் பொருள் எளிதில் தீப்பற்றக் கூடாது, கதவு முழுவதுமாக மூடுவதைத் தடுக்கக் கூடாது, கழற்றிய பின் கதவில் எந்தத் தடமும் விடக் கூடாது. இந்த மூன்றும் நிறைவேறும் ஒரே வழி காந்தம். கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கி வேண்டவே வேண்டாம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே புகையை அடைக்கும் பட்டை இருக்கிறது, கொக்கி அதைக் கிழித்துவிடும். டிஸ்னி கப்பல்களில் காந்தத்துக்கு மட்டுமே அனுமதி, ஒட்டுப்பொருளுக்கும் மேற்கொக்கிக்கும் இல்லை என்று வெளிப்படையாகவே விதி வைத்திருக்கிறார்கள். மற்ற நிறுவனங்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீளமேடு: அண்ணா, எவர்சில்வரும் எஃகுதான், அதில் காந்தம் ஒட்டுவதில்லையே. கப்பல் கதவில் மட்டும் எப்படி ஒட்டும்?

பட்டறைகள் நிறைந்த ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். நம் சமையலறைப் பாத்திரத்தில் நிக்கல் கலந்திருப்பதால் காந்தம் பிடிப்பதில்லை. கப்பல் அறைக் கதவுக்குப் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண எஃகுத் தகட்டைப் பயன்படுத்துகிறார்கள்; அதில் நன்றாகப் பிடிக்கும். உயர்கட்டண அறைகள் சிலவற்றில் மட்டும் மரமோ தடித்த அலங்காரப் பலகையோ மேலே இருக்கலாம், அங்கே பிடிமானம் குறையும்.

எந்தக் காந்தம் என்பதுதான் முக்கியம். நியோடிமியம் என்னும் வெள்ளிநிறச் சிறு வில்லைகள் வலிமையானவை. ஆனால் கதவோடு இழுபடும்போது படலத்தில் கீறல் விழும், இரண்டு வில்லைகளைக் குழந்தை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளைக் கவ்விக்கொண்டு அறுவைச் சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய்விடும், இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்த பெரியவர்கள் அதை மார்புக்கு அருகில் கொண்டுவரவே கூடாது. எண்பதாம் கல்யாணம் காணும் தம்பதியருக்கு இது வெறும் பேச்சன்று. கார்க் கதவில் ஒட்டும் விளம்பரங்களுக்குப் பயன்படும் ரப்பர் போன்ற மேக்னட் ஷீட்டில் படத்தை அச்சிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். கோவை, ஈரோடு, சேலத்தில் பேனர் அச்சிடும் கடைகளில் கேட்டால் செய்து தருவார்கள். அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள், மடித்தால் மடிப்பு விழுந்த இடம் கதவில் படியாது. அறைச் சாவி அட்டையும் வங்கி அட்டையும் அதோடு ஒரே பையில் இருக்க வேண்டாம்.

திருப்பூர்: இருபக்கம் ஒட்டும் டேப்பை மெதுவாக உரித்தால் தடம் விழாதல்லவா?

விழும். உரித்தால் படலமும் சேர்ந்து வரும், இழப்பீட்டை உங்கள் கணக்கில் ஏற்றுவார்கள். டேப் வேண்டாம்.

கரூர்: நாங்கள் திரைச்சீலை ஏற்றுமதி செய்பவர்கள். துணியில் தைத்த அலங்காரத்தைக் காந்தத்தில் தொங்கவிடலாமா?

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. எளிதில் தீப்பற்றாதபடி பதப்படுத்திய தீத்தடுப்புத் துணியை வெளிநாட்டு விடுதிகளுக்காக நெய்து அனுப்புபவர்கள் நீங்கள். அந்தத் துணியில் தைத்து, சோதனைச் சான்றின் நகலையும் எடுத்துச் சென்றால் கப்பல் அதிகாரிக்குக் கேள்வி கேட்க இடமிருக்காது. சாதாரணப் பருத்தி சட்டென்று பற்றும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும். கிரேப் காகிதத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 ஏப்ரல் 7 அன்று, நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் சென்ற ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில், பின்னிரவில் அறைகளுக்கு வெளியே இருந்த நடைவழியில் யாரோ வைத்த தீயால் 159 பேர் இறந்தார்கள். சுவர்த் தகடு எரியாததுதான். அதன்மேல் அழகுக்காக ஒட்டியிருந்த மெலமைன் படலம் எரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகையை நடைவழியெங்கும் பரப்பியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயால் இறக்கவில்லை, புகையால் இறந்தார்கள். மில்லிமீட்டர்க் கணக்கில் இருந்த ஒரு மேற்பூச்சு அதைச் செய்ததென்றால், வரிசையாக நாற்பது கதவுகளில் காகிதப் பூக்கள் தொங்குவதைக் காணும் பாதுகாப்பு அதிகாரியின் மனநிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். பேட்டரியில் எரியும் சீரியல் விளக்காயினும் பல கப்பல்களில் அதற்குத் தடை இருப்பதும் இந்த எச்சரிக்கையால்தான்.

காங்கேயம்: பூர்ணகும்பம், கொப்பரை, கற்பூரம் எல்லாம் கொண்டுபோய்க் கதவருகே ஆரத்தி எடுக்கலாமா?

கப்பலுக்கு முன்பே விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். கொப்பரையோ தானாகவே சூடேறிப் பற்றக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. உலர்களத்தில் கொப்பரை குவித்துப் பழகிய உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சூட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கப்பலில் ஊதுபத்தி, மெழுகுவத்தி உட்பட நெருப்புள்ள எதற்கும் இடமில்லை. மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தியைச் சுடர் இல்லாமல் அறைக்குள்ளேயே எடுங்கள். நடைவழித் தரைவிரிப்பில் ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது.

பொள்ளாச்சி: பலூன்?

ஹீலியம் உருளையை விமானத்திலும் கொண்டுபோக முடியாது, கப்பலிலும் விடமாட்டார்கள். ரப்பர் பலூன் கடலில் விழுந்தால் ஆமைகளுக்குக் கேடு என்பதால் அதற்கும் பல இடங்களில் தடை உண்டு. விட்டுவிடுங்கள்.

தாராபுரம்: மாவிலை இல்லாத வாசலில் மங்கலம் எங்கே இருக்கிறது? அச்சிட்ட படத்தைக் காந்தத்தில் ஒட்டுவதைத் தோரணம் என்று எப்படிச் சொல்வது? பொங்கல் பயணத்தில் போகியன்று வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டாமல் இருக்க முடியுமா?

பவானி: பெரியவருக்கு ஒரு சொல். எங்கள் வீட்டில் நிலைவாசலில் துணித் தோரணம்தான் ஆண்டு முழுவதும் தொங்குகிறது, எந்தக் குறையும் வரவில்லை. நான்கு நாள் வாடகைக்கு எடுத்த அறைக்குக் காப்பு எதற்கு?

நாமக்கல்: இருவரும் சொல்வதைப் பார்த்தால் சீரையெல்லாம் ஊரிலேயே முறைப்படி செய்துவிட்டுக் கப்பலுக்கு வெறும் கையோடு போவதுதான் சரி என்று தோன்றுகிறது.

மங்கலம் எதில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் மூவரும் என் துறைக்குள் கால் வைத்துவிட்டதால் சொல்கிறேன். வீட்டில் தோரணம் கட்டும் இடம் கதவன்று, நிலையின் மேற்சட்டம். கப்பலில் அந்தச் சட்டத்தின் குறுக்கே எதையும் கட்டக் கூடாது. அறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. குறுக்கே தொங்கும் கயிறோ காம்போ உள்ளே இழுபட்டுச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், கதவு மூடியதுபோல் தெரியும், தாழ் விழுந்திருக்காது. தீ நேர்ந்தால் அந்த விரலளவு இடைவெளி போதும். ஆகவே எதை மாட்டினாலும் கதவுப் பலகையின் முகத்தில்தான் மாட்ட வேண்டும், அறை எண்ணையும் பூட்டையும் பார்வைத் துளையையும் மறைக்காமல்.

தாராபுரம் பெரியவர் கேட்ட பச்சை இலைக்கு வருகிறேன். குளிரூட்டிய நடைவழியில் மாவிலை மறுநாளே சுருளும், அதன்பின் உதிரும். பூளைப்பூவின் கதை இன்னும் மோசம். அந்த வெண்பஞ்சு தரைவிரிப்பில் ஒட்டிக்கொண்டால், பணியாளர் முட்டிபோட்டுப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்லும் கப்பலானால் தாவரத் தடுப்பு அதிகாரிகள் இலையைப் பறிமுதல் செய்வார்கள், சொல்லாமல் கொண்டுபோனதற்குத் தண்டமும் விதிப்பார்கள். காப்பு என்பது வீடு, தோட்டம், கட்டுத்தறி ஆகியவற்றுக்கு நாம் கட்டுவது. அவற்றுக்குப் புறப்படும் முன்பே ஊரில் கட்டிவிட ஏற்பாடு செய்யுங்கள். பவானி அம்மணி சொன்ன துணித் தோரணத்தைக் கரூர்க்காரருக்குச் சொன்னதுபோல் தீத்தடுப்புத் துணியில் செய்து, கதவின் மேல்பாதியில் நான்கு காந்தங்களில் நிறுத்தினால் பார்வைக்கும் குறைவிருக்காது. நாமக்கல் அன்பரின் யோசனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே நிறத்தில் ஒரே அளவில் நீளும் நூறு கதவுகளுக்கு நடுவே கண்பார்வை மங்கிய ஒரு பெரியவர் தன் அறையைக் கண்டுபிடிக்கத் திணறுவதை அவர் பார்த்திருக்க மாட்டார். அலங்காரத்தின் பெரிய பயன் எனக்குத் தெரிந்து அதுதான்.

தாராபுரம்: நெகிழி மாவிலையை நான் ஏற்கமாட்டேன். ஒரே ஒரு கொத்தாவது உண்மையான இலை வேண்டும்.

உள்நாட்டுப் பயணமாக இருந்து, நிறுவனமும் ஒப்புக்கொண்டால், அறைக்குள் மேசைமீது செம்பில் நீர் ஊற்றி ஒரு கொத்தைச் செருகி வையுங்கள். கதவில் இல்லை. இதற்குமேல் இந்த வழக்கை நான் நடத்தப்போவதில்லை.

அவிநாசி: பால்கனி உள்ள அறையின் கதவில் காந்தம் ஒட்டுமா?

பால்கனி கடல் பக்கம் இருக்கிறது, கதவு நடைவழிப் பக்கம் இருக்கிறது. பீளமேட்டுத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சத்தியமங்கலம்: செல்லோடேப்பாவது...

வேண்டாம்.

கோவை: வெப்பமண்டலப் பழங்கள் என்ற கருத்தில் வடிவமைக்கிறோம். அன்னாசிப் பழத்தை வெவ்வேறு கோணங்களில் வைக்கலாமா?

நேராக வையுங்கள். தலைகீழ் அன்னாசி, மேலைநாட்டுக் கப்பல் பயணிகள் சிலரிடையே, இணையை மாற்றிக்கொள்ள விரும்பும் தம்பதியர் வைக்கும் அடையாளமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. உங்கள் மாமனாரும் மாமியாரும் தங்கும் அறைக்கு அது தேவையில்லை.

கோபி: குழந்தையின் முதல் பிறந்தநாள். படமும் முழுப்பெயரும் அச்சிடுகிறோம். பணியாளரே முன்கூட்டி அலங்கரித்துத் தருவாரா?

அறை எண் கதவிலேயே இருக்கிறது. அதன் கீழே குழந்தையின் முகமும் முழுப்பெயரும் நடைவழியில் போகும் முன்பின் தெரியாதவர்கள் அனைவருக்கும் தெரிய வேண்டியதில்லை. செல்லப்பெயரோ 1 என்ற எண்ணோ போதும். படத்தை அறைக்குள் வையுங்கள். அறையின் சுவர்களும் பெரும்பாலும் எஃகுதான் என்பதால் அங்கேயும் மேக்னட் ஷீட் நிற்கும். பல நிறுவனங்கள் அலங்காரத் தொகுப்பைக் கட்டணத்துக்கு விற்கின்றன, முன்பதிவு செய்தால் நீங்கள் ஏறும் முன்பே மாட்டிவைப்பார்கள். அது பெரும்பாலும் அறைக்குள்தான் இருக்கும். விலைமதிப்புள்ளதையோ மனத்துக்கு நெருக்கமானதையோ கதவின் வெளிப்பக்கம் மாட்டாதீர்கள், அழகான காந்தங்கள் காணாமல் போவது அங்கே சாதாரணம்.

உடுமலை: சிங்கப்பூர் விசாவுக்கு எத்தனை நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்?

பயண முகவரைக் கேளுங்கள்.

சென்னிமலை: அலங்காரத்தை எப்போது கழற்ற வேண்டும்? கடைசி நாள் காலை வரைக்கும் வைக்கலாமா?

கடைசி இரவு உணவுக்குப் போகும் முன் கழற்றிவிடுங்கள். அன்று இரவு பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்வார்கள். அதில் வைக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்ல நினைத்துக் காலையில் மறந்துவிடுபவர்கள் ஏராளம். மேக்னட் ஷீட்டைச் சரக்கென்று இழுக்காமல் ஒரு மூலையிலிருந்து தூக்கி எடுங்கள். பின்பக்கம் ஈரம் கோத்து ஒட்டியிருந்தால் அறைப் பணியாளரைக் கூப்பிடுங்கள். பல் குத்தும் குச்சியையும் கத்தி முனையையும் கொண்டு நீங்களே நெம்பாதீர்கள். டேப் ஒட்டியவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களும் அவரையே கூப்பிடட்டும்.